வெள்ளை படத்துக்கு, மஞ்சள் பிள்ளைகளுக்கு

உடைவிளையில் காற்றுக்கு ஒரு வேலை உண்டு. யார் எங்கே போனார்கள் என்பதை அழிப்பது. ஊரைச் சுற்றி நாலு பக்கமும் செக்கச் சிவந்த மணல், தேரி என்பார்கள், மேடும் பள்ளமுமாய்க் கடல் மாதிரிக் கிடக்கும், ஆடியில் இங்கே நின்ற மேடு ஆவணியில் வேறெங்கோ போய் நிற்கும், காலையில் பனையேறப் போனவன் தன் தடத்தைப் பார்த்து மத்தியானம் வீடு திரும்ப முடியாது, அதனால் அந்த ஊரில் ஒருத்தரை ஒருத்தர் நேற்று எங்கே போனாய் என்று கேட்கிற பழக்கமே இல்லாமல் போயிற்று.

அந்தத் தேரிக்கு நடுவே ஒரு மடம் இருந்தது. சுண்ணாம்பு பூசிய சின்னக் கோவில், அதற்கு இடப்பக்கம் சற்றுத் தள்ளிச் சமையலுக்கு ஒரு குசினி, இரண்டையும் பின்பக்கமாய்ச் சேர்க்கிற கல்தளம் போட்ட தாழ்வாரம், சில அறைகள், ஒரு கிணறு, அவ்வளவுதான். அங்கே இருந்த துறவிகள் காற்றுக்கு ஒத்தாசை செய்கிறவர்கள் போல ஆளுக்கொரு பனையோலையை இடுப்புக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டுதான் நடப்பார்கள். ஆண்டவருடைய மண்ணில் மனுஷன் தன் தடத்தை விட்டுவைக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். ஊர்ப் பிள்ளைகள் வால் சாமியார் என்று பின்னால் சிரிக்கும், முன்னால் முழங்காலிடும்.

மழை இரண்டாவது வருஷமாகப் பொய்த்திருந்தபோது தூத்துக்குடியிலிருந்து கர்வாலோ என்று ஒருவர் அந்த மடத்தைப் படம் பிடிக்க வந்தார். பறங்கி வம்சம், தமிழ் நன்றாகப் பேசுவார், தொப்பி போடுவார். வண்டி தேரியில் இறங்காது என்பதால் அவருடைய பெட்டிகளும் கறுப்புக் கூடாரமும் மருந்துச் சீசாக்களும் தலைச்சுமையாக வந்தன. படம் என்றால் சுவரில் எழுதுகிற படம் என்று ஊர் நினைத்தது. வெயிலைக் கண்ணாடியில் பிடித்துக் காகிதத்தில் இறக்குவது என்று அவர் விளக்கினார். அந்தக் காகிதத்தில் முட்டையின் வெள்ளையைத் தடவினால்தான் படம் ஒட்டும், ஆகவே முட்டை வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டார்.

இருந்த கோழிகளே கொஞ்சம். பெண்கள் கொடுக்க யோசித்தார்கள். அப்போது கர்வாலோ சொன்ன ஒரு சொல் ஊருக்குப் பிடித்துப்போயிற்று.

"வெள்ளை படத்துக்கு, மஞ்சள் உங்க பிள்ளைகளுக்கு."

மடத்துக் குசினிக்காரன் தொம்மை அந்த மஞ்சள் கருவையெல்லாம் ஒரு மண்பானையில் சேர்த்து வைத்து, கருப்பட்டி போட்டுக் கிண்டி, படம் பிடித்து முடிந்ததும் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பங்கு வைப்பதாகப் பேச்சு. தொம்மை மடத்திலேயே வளர்ந்த அநாதை, வேறு வீடு கிடையாது, தாட்டியமான உடம்பு, சாமியார்மார் விரதம் இருக்கிற சோற்றையும் சேர்த்து ஆண்டவருக்காக நான்தான் தின்னுதேன் என்று தன்னையே கேலி பண்ணிக்கொள்வான். ஊர் அந்தக் கேலிக்குச் சிரித்தது. சிரித்ததை மறக்காமல் வைத்துக்கொண்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

முட்டை கொடுத்தவர்களில் பிரகாசியும் ஒருத்தி. பனையேறி சந்தியாகுவின் மனைவி, மூன்று மாதப் பிள்ளைக்காரி, யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துப் பேசத் தெரியாதவள். தன் வீட்டு ஒற்றைக் கோழி இட்டதை அவளும் கொண்டுபோய்க் குசினி வாசலில் வைத்தாள். அவள் பிள்ளை அமலி பல் முளைக்காத பிள்ளை, மஞ்சள் கரு தின்ன முடியாது, பால்தான் குடிக்க வேண்டும், அந்தப் பால் அவளிடம் வற்றிக்கொண்டே வந்தது. பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்து, முகத்தைத் திருப்பி, அழக்கூடத் தெம்பில்லாமல் அவளையே பார்க்கும். அந்தப் பார்வையைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. பால் இல்லை என்று தாய் வாயால் சொல்வது கூச்சம் என்று நினைத்தாள்.

படம் பிடிக்கிற நாள் காலையில் துறவிகள் கோவிலைச் சுற்றியுள்ள மணலையெல்லாம் ஓலையால் இழுத்து இழுத்துக் கோடு விழாத பட்டுச்சேலை மாதிரி ஆக்கிவைத்தார்கள். ஊர் முழுவதும் கோவிலுக்கு முன்னால் வரிசையாக நின்றது. பிரகாசி வரிசையின் இடக்கோடியில், குசினிப் பக்கம். நாத்தனார் செபஸ்தியாள் அமலியை வாங்கி மார்பில் சாய்த்துக்கொண்டாள். நடுவில் கர்வாலோ மூன்றுகால் பெட்டியை நிறுத்தி, சிவப்பு என்றால் இந்தக் கண்ணாடிக்குச் சரியாகக் கண் தெரியாது, செம்மணல் இதில் விழ வெகுநேரம் வேண்டும், பெரிய சாமியார் மாதா பிரார்த்தனையைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் அசையவோ இடம்விட்டு நகரவோ கூடாது என்று சொன்னார்.

கண்ணை மூடக் கூடாது என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது. ஜெபம் காதில் விழுந்தால் உடைவிளைக்காரர்களுக்குக் கண் தானே மூடிக்கொள்ளும், தொட்டில் பழக்கம். பெரிய சாமியார் தொடங்கினார், ஊர் மூடியது, துறவிகள் மூடினார்கள், தொம்மை மூடினான், பெட்டியின் மூடியைக் கழற்றிய கர்வாலோவும், அவரையும் ஒரு தாய்தானே வளர்த்தாள், தொப்பியை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடினார். அந்தத் தேரியில் திறந்திருந்தவை பெட்டியின் ஒற்றைக் கண்ணும் பிரகாசியின் இரண்டு கண்களும்தான். 

அவள் போக வேண்டும் என்று நினைக்கவில்லை. கால் போயிற்று. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று ஊர் முணுமுணுத்துக்கொண்டிருக்க, பட்டு மாதிரிக் கிடந்த மணலின் குறுக்கே அவள் நடந்து குசினிக்குள் போனாள். பானையின் துணியை விலக்கினாள். இன்னும் அடுப்பில் ஏற்றாத பச்சைக் கரு, மேலே கருப்பட்டித் தூள். முதல் கையை அமலிக்காக என்று நினைத்து வாயில் வைத்தாள். இரண்டாம் கையை யாருக்காக என்றும் நினைக்கவில்லை. பிறகு கையும் வாயும் மட்டும் இருந்தன, அவள் இல்லை. பானையின் அடியில் விரல் உரசியபோதுதான் அவளுக்கு நினைவு வந்தது, சேலை உள்பக்கத்தால் வாயைத் துடைத்தாள், பின்வாசல் வழியாகத் தாழ்வாரத்துக் கல்லில் நடந்து கோவிலைச் சுற்றி வந்து தன் இடத்தில் நின்றாள். அப்போதும் பிரார்த்தனை முடிந்திருக்கவில்லை. கடைசி வேண்டுதலுக்கு மற்றவர்களோடு சேர்ந்து அவளும் வாய் அசைத்தாள். வாய் முழுக்க முட்டை மணத்தது.

பிள்ளைகள் ஓலைப்பட்டையைக் கையில் ஏந்தி வரிசையாகக் குசினி வாசலுக்குப் போனார்கள். தொம்மை உள்ளே போனவன் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது பானையைக் கவிழ்த்துக் காட்டினான். விரலெல்லாம் மஞ்சள், மீசையில் ஒரு துளி மஞ்சள். நான் தின்னலை என்று அவன் ஒரு தடவைதான் சொன்னான், அதையும் பழக்கதோஷத்தில் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். யாரோ ஒருத்தன், ஆண்டவருக்காகத் தின்னியோ வே என்று கேட்டான். பட்டைகள் வெறுமையாக ஊருக்குத் திரும்பின. அன்று மத்தியானமே தொம்மை மடத்தை விட்டுக் கடற்கரை உப்பளங்களின் பக்கம் நடந்தான், ஓலைகூடக் கட்டிக்கொள்ளவில்லை, அவன் தடத்தைப் பொழுது சாய்வதற்குள் காற்று அழித்துவிட்டது. பிரகாசி வரிசையில் நின்ற இடத்திலேயே நின்று அவன் போவதைப் பார்த்தாள். ஒரு சொல் சொன்னால் போதும், அந்தச் சொல் வயிற்றில் இருந்தது, மற்றதோடு சேர்ந்து.

சாயங்காலம் துறவிகள் ஓலையால் இழுத்தார்கள். ஊர் மிதித்ததெல்லாம் அழிந்தது. வரிசையின் இடக்கோடியிலிருந்து குசினி வாசல்வரை போன ஒரு தடம் மட்டும் அழியவில்லை. மறுபடி இழுத்தார்கள். மண்வெட்டியால் மணலைப் புரட்டிப் போட்டார்கள், புரண்ட மணலின் மேல் அதே தடம் இருந்தது. ஆடி வந்தது, மேடு பெயர்ந்து அந்த இடத்தில் ஆள் உயரம் ஏறியது, தடமும் மேட்டோடு ஏறி அதன் முதுகில் இருந்தது, மேடு போனது, தடம் இறங்கிவந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது. பெண் கால், சின்னக் கால், போனது மட்டும்தான் உண்டு, வந்தது இல்லை.

யாருடையது என்று ஊர் ரொம்ப யோசிக்கவில்லை. எல்லாரும் கண்ணை மூடி அசையாமல் நின்றோம், சொன்னது மாதா பிரார்த்தனை, பிறகு நடந்தது யாராக இருக்க முடியும்? கூப்பிட்ட குரலுக்கு வந்திருக்கிறாள். குசினிக்கு ஏன் போனாள் என்று ஒருத்தி கேட்டதற்கும் பதில் உடனே கிடைத்தது, பிள்ளைகள் சொத்தைத் தின்ற திருடனைக் காட்டிக்கொடுக்கப் போனாள். அப்படித் தொம்மையின் களவுக்கு மாதாவே சாட்சி ஆனாள். தடத்தைச் சுற்றி உடைமுள்ளால் வேலி வந்தது, வேலிக்குப் பந்தல் வந்தது, பந்தலுக்கு மெழுகுவர்த்தி விற்கிறவர்கள் வந்தார்கள், பிள்ளை இல்லாதவர்கள் வெகுதூரத்திலிருந்து வந்து அந்த மணலை ஒரு சிட்டிகை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள், எடுத்த குழி தானாக நிறைந்தது.

பிறகு கர்வாலோ காகிதத்தில் இறக்கிய படம் மடத்துக்கு வந்துசேர்ந்தது. ஊரே கண்ணை மூடியிருந்தது, ஜெபம் சொல்லி அசைந்ததால் ஒருத்தருக்கும் வாய் படத்தில் விழவில்லை, தேரி கறுப்பாய்க் கிடந்தது, அதன் குறுக்கே வெளுப்பாய் அந்தத் தடம். நடந்தவள் எங்கும் இல்லை. இடக்கோடியில் பிரகாசி மட்டும் பனி மாதிரி, பின்னால் உள்ள சுவர் தெரிகிற மாதிரி நின்றாள். பாதி நேரம்தான் நின்றாள் என்பது பெட்டிக்குத் தெரிந்திருந்தது. ஊர் அதையும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. மாதா இவளை உரசிக்கொண்டு போயிருக்கிறாள்.

அதற்குச் சாட்சி சொன்னவள் செபஸ்தியாள். அன்று சாயங்காலமே பிரகாசிக்குப் பால் இறங்கியது, சேலை நனைந்தது, பிள்ளை குடித்துக் குடித்து மூச்சு முட்டியது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னாள், அது உண்மையும்கூட. திருவிழா நாளில் பிரகாசியையும் அமலியையும் கொண்டுபோய்ப் பந்தலில் உட்காரவைத்து, இவள்தான் மாதா செய்த முதல் புதுமை என்று காட்டுவார்கள். தெரியாத பெண்கள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எவ்வளவு அடக்கம் என்பார்கள். அவள் எப்போதும் காலைச் சேலைக்குள் இழுத்து மடக்கி உட்கார்ந்தாள், குளிக்கும்போதுகூடக் காலைப் பார்க்கமாட்டாள், சந்தியாகு ஒரு நாள் அவள் காலில் முள் எடுக்க உட்கார்ந்தபோது வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவள் இடக்கால் சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறியிருக்கும். பந்தலுக்குக் கீழே இருந்த இடக்கால் தடத்திலும் அப்படித்தான்.

அமலி வளர்ந்தாள். பால் குடித்து வளர்ந்த பிள்ளை, நல்ல எலும்பு. கோவிலில் முதல் தடவை நற்கருணை, புதுநன்மை என்பார்கள், வாங்குகிற வயசு வந்தது. அந்த ஊரில் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு, ஒருத்தர் தொம்மை, வாயில் மஞ்சள் பூசிக்கொண்டு ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், மற்றவர்கள் தொம்மை வாய் மஞ்ச வாய் என்று கத்திக்கொண்டு விரட்டி மண்ணை அள்ளிப் போட வேண்டும். ஒரு நாள் மத்தியானம் அமலி ஓடிவந்து அடுப்படியில் நின்றாள். தலையெல்லாம் செம்மண். வாயிலிருந்து மோவாய்வரை மஞ்சள்.

"இன்னைக்கு நான்தாம்மா தொம்மை" என்றாள், சிரித்துக்கொண்டு.

பிரகாசி அந்த வாயைப் பார்த்தாள். அன்று பானைக்கு மேலே குனிந்த தன் வாயை அவள் பார்த்ததில்லை, இப்போது பார்த்தாள். துடைத்துவிடச் சேலையை எடுத்தவள், உள்பக்கத்தை எடுத்துவிட்டோம் என்று தெரிந்து கையை விட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கழுவினாள். மஞ்சள் லேசில் போகவில்லை.

அந்த மாதமே கர்வாலோ மறுபடி வந்தார், நரைத்திருந்தார். மாதாவின் தடத்தையும் ஊரையும் சேர்த்து ஒரு படம் வேண்டும் என்று சீமையிலிருந்து கேட்டிருந்தார்களாம். பந்தலைப் பிரித்தார்கள், வேலியை எடுத்தார்கள், மணலை இழுத்துப் பட்டாக்கினார்கள். இந்தத் தடவை கர்வாலோ கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார், ஜெபம் மனசுக்குள் இருக்கட்டும், வாய் அசையக் கூடாது, ஆள் நகரக் கூடாது, கண்ணை மட்டும் மூடிவிடாதீர்கள், எது நடந்தாலும் பார்த்தபடி நில்லுங்கள். பெரிய சாமியார் அதையே கட்டளையாகச் சொன்னார், முடிகிறவரைக்கும் அசைந்தால் பாவம் என்றார்.

பிரகாசி பழைய இடத்தில், இடக்கோடியில் நின்றாள். பெரிய சாமியார் மட்டும் வாய்விட்டுப் பிரார்த்தனையைத் தொடங்கினார். ஊரே கண்ணைத் திறந்துகொண்டு, சிமிட்டப் பயந்துகொண்டு, கல்லாய் நின்றது. அன்று அவளை மறைத்த அந்த நேரம் இன்று ஊரையே கட்டிப்போட்டு அவள் முன்னால் நிறுத்தியிருந்தது. அவள் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகினாள். முதல் தடத்தில் காலை வைத்தாள்.

செருப்புத் தைக்கிறவன் அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது. இடக்காலை வைத்தாள், ஏறின சுண்டுவிரல் ஏறின பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. நடந்தாள். நூற்றுக்கணக்கான கண்கள் அவள் காலில் இருந்தன, ஒவ்வொரு கண்ணும் ஒரு முள் மாதிரித் தைத்தது, யாரும் கூப்பிட முடியவில்லை, பிடிக்க முடியவில்லை. அவள் காலை எடுக்க எடுக்கத் தடம் மணலோடு மணலாய் மூடிக்கொண்டு வந்தது. குசினி வாசலில் திரும்பி நின்றாள். பின்னால் ஒன்றும் இல்லை, பட்டுச்சேலை மாதிரி மணல். பிரார்த்தனை முடிந்து கர்வாலோ பெட்டியின் கண்ணை மூடினார்.

"தின்னது நான்" என்றாள் பிரகாசி. பிறந்ததிலிருந்து அவ்வளவு சத்தமாக அவள் பேசியதில்லை. "தொம்மை அண்ணன் இல்லை. எனக்குப் பசிச்சுது. பிள்ளைக பங்கை எல்லாம் நான்தான் தின்னேன்."

ஊர் அன்று அப்படியே கலைந்து வீட்டுக்குப் போனது. பிறகு நிறையச் சொன்னது. சிலர் அவள் முகத்தில் விழிக்காமல் தெரு மாறிப் போனார்கள், அன்று வெறும் பட்டையோடு திரும்பின பிள்ளைகள் இப்போது மீசை வைத்திருந்தார்கள், அவர்களில் ஒருத்தன் அவளைக் கண்டதும் வயிற்றைத் தடவிக் காட்டினான். மெழுகுவர்த்திக்காரர்கள் சபித்துவிட்டு வேறு ஊருக்குப் போனார்கள். இன்னும் சிலர், மாதாதான் அவள் காலை இரவல் வாங்கி நடந்தாள், பைத்தியக்காரி தன் கால் என்கிறாள் என்று விடாமல் சொன்னார்கள். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது. சந்தியாகு அவளைத் திட்டவில்லை. பால் வத்தினதை என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பனைக்குப் போனான். ஆனாலும் தொம்மை விளையாட்டை யாரும் தடுக்காமலே பிள்ளைகள் விட்டுவிட்டார்கள்.

அவள் முந்தானையில் முட்டைகளைக் கட்டிக்கொண்டு அமலியைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள். செம்மண் முடிந்து வெள்ளை தொடங்குகிற இடத்தில் உப்பளம். தொம்மை பாத்தி வரப்பில் அடுப்பு மூட்டி அளத்துக்காரர்களுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தான், உடம்பு வற்றி, கால் உப்பில் வெடித்து, ஆள் பாதியாகியிருந்தான். அவள் முட்டைகளை அவன் முன்னால் வைத்தாள். அவன் முட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அவள் விரல்களைப் பார்த்தான்.

"நீதானா" என்றான்.

அவள் தலையாட்டினாள்.

"பானைக்குள்ள வழிச்ச விரல் தடம் இருந்துது. சின்ன விரல். அடிவரைக்கும் வழிச்சிருந்துது. பிள்ளைக்காரி எவளோ பசியில செஞ்சிருக்கான்னு தெரிஞ்சு போச்சு. அதான் வெளிய கொண்டாறதுக்கு முன்ன உள்ள கையைவிட்டு எல்லாத்தையும் அழிச்சேன்." அவன் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். "அழிச்ச கையைக் கழுவ மறந்துட்டேன், பாரு. ஓலைச் சாமியார்கிட்ட வளந்த புத்தி."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். காலுக்குக் கீழே வெள்ளை மண் சில்லென்று இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

தொம்மை முட்டைகளை உடைத்தான். பழக்கத்தில் வெள்ளையை ஒரு சட்டியிலும் மஞ்சளை ஒரு சட்டியிலுமாகப் பிரித்துவிட்டு, இனி யாருக்குப் படம் பிடிக்க என்று சிரித்து, இரண்டையும் ஒன்றாக ஊற்றினான். கருப்பட்டி தட்டிப் போட்டான். கிண்டினான். வாசனை பிடித்து அளத்துக்காரர்கள் வந்து வரப்பில் நின்றார்கள். அமலிக்கு ஒரு பட்டையில் வைத்தான். பிரகாசிக்கு ஒரு பட்டையில் வைத்தான்.

"பச்சையாத் தின்னியே ஏட்டி" என்றான். "குசினி வாசல்ல நின்னு பசிக்குன்னு ஒரு சொல் சொல்லியிருந்தா, நானே சூடாக் கிண்டித் தந்திருப்பேனே. உக்காரு. உக்காந்து தின்னு."

அவள் வரப்பில் உட்கார்ந்தாள், காலை மடக்காமல் நீட்டி. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தரும் கண்ணை மூடவில்லை. தின்ன முடியாது என்றுதான் நினைத்தாள். அந்த நேரத்திலும் அவளுக்குப் பசித்தது. அதுதான் வெட்கம். அவள் ஒரு கை எடுத்து வாயில் வைத்தாள், வாயைத் துடைக்காமல், கண்ணையும் துடைக்காமல் தின்றாள். தேரிப்பக்கமிருந்து காற்று வந்து, அவள் நடந்துவந்த தடத்தை ஒவ்வொன்றாய் அழித்துக்கொண்டிருந்தது.